பழைய ஸ்பீக்கரைத் திறந்தால் எதை மாற்றுவது?

போன சித்திரையில் அம்பாசமுத்திரத்திலிருந்து என் அத்தான், ஒரு ஜோடி ஸ்பீக்கரைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தார். தாழ்ந்த சுருதிக்கு ஆறரை அங்குல வூஃபர், மேல்சுருதிக்கு ஒரு அங்குலத் துணிக் குமிழ் ட்வீட்டர், பின்பக்கம் காற்றுக் குழாய். இருபது வருஷத்துக்கு முன்னால் மாமா ஆசைப்பட்டு வாங்கியது. அவர் போன பிறகு மச்சுக்கு ஏறி, அங்கேயே கிடந்திருக்கிறது. அத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். உயர்ந்த ரகக் கண்டன்சர், காற்றுச் சுருள் (நடுவில் இரும்பு இல்லாத கம்பிச் சுருள்), வெள்ளி பூசிய வயர், புது ட்வீட்டர், தங்க முலாம் டெர்மினல் என்று ஐந்து வரி. "ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க மாப்ள. எத மொதல்ல செய்யணும்?" என்றார். கூட்டிப் பார்த்தால், அதே தரத்தில் புது ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிடலாம் போலிருந்தது.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பல வீடுகளில் இருக்கும். அத்தானின் தாளில் இல்லாத வழிகளும் உண்டு. பெட்டியைத் திறக்காமல் வைக்கும் இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். வயதால் கெட்டதை மட்டும் அதே அளவில் புதுப்பிக்கலாம். பெட்டியை உள்ளிருந்து இறுக்கலாம். எதுவும் வேண்டாம் என்று புதிதாகவே வாங்கலாம். என் ஸ்பீக்கர்களிலும் சொந்தக்காரர் ஸ்பீக்கர்களிலும் நான் கண்டவரை, கெட்டுப்போனதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலைதான் செலவழித்த பணத்துக்கு அதிகம் தருகிறது. நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்கப் போகும்போது செலவு ஏறிக்கொண்டே போகும். காதுக்குக் கிடைப்பது சுருங்கிக்கொண்டே வரும்.

சரி, முதலில் திறக்காத வழி. நம் பக்கத்து வீடுகளில் ஹால் சுவரிலேயே சிமெண்ட் தட்டு வைத்து ஷோகேஸ் கட்டிவிடுவோம். பெயரே புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்பதால் அதற்குள் தள்ளிவிடத் தோன்றும். பின்னால் குழாய் உள்ள பெட்டியை அப்படிச் சுவரோடு ஒட்டினால் அடிச்சத்தம் வீங்கி, பாடுகிறவர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். குடம் என்று சும்மா சொல்லவில்லை. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் தட்டும்போது எழும் 'தொம்' என்ற ஒலியும், ஸ்பீக்கர் குழாயிலிருந்து வரும் பேஸும் ஒரே இயக்கம்தான். உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில்போல் அமுங்கி விரிகிறது, வாயிலிருக்கும் காற்று அதன்மேல் முன்னும் பின்னும் ஆடுகிறது. குடத்தின் வாயைச் சுவரை ஒட்டிப் பிடித்தால் ஒலி மாறத்தானே செய்யும்?

அறையின் அளவும் சேர்ந்துகொள்ளும். முன்பு நான் வாடகைக்கு இருந்த வீட்டில் அறை பத்துக்குப் பத்து, கூரையும் பத்தடி உயரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாகப் பொருந்தும் அதிர்வெண் 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு). நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்றுமே அந்த 56-இல் சேர்ந்து முழங்கும். எந்தப் பாட்டு போட்டாலும் அடித்தாளம் ஒரே 'ம்ம்' என்று வந்தது. ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று நினைத்து நான் ஒரு வருஷம் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் ஸ்டாண்டில் ஏற்றி, நாற்காலியையும் கொஞ்சம் நகர்த்தியதும் பாதி சரியாயிற்று. மொசைக் தரையும் வெறும் சுவரும் எதிரொலித்த 'கணீர்' குறைய, பக்கச் சுவரில் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தேன். அது நன்றாகவே வேலை செய்தது. அதற்குமுன் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தேன். மெல்லிய பாய் ஒலியைப் பெரிதாகக் குடிக்காது. மெத்தையும் குரலுக்கும் மேல்சுருதிக்கும்தான் உதவும். அந்த 56 ஹெர்ட்ஸை அடக்குவது பெரும்பாலும் நாம் வைக்கும் இடமும் உட்காரும் இடமும்தான். இதைச் செய்து பார்க்காமல் யாரும் திருப்புளியை எடுக்க வேண்டாம்.

ஆனால் அத்தான் கொண்டுவந்ததை இடம் மாற்றிச் சரிசெய்ய முடியாது. முன்மூடித் துணியைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. வூஃபரின் கோனை, அதாவது முன்னும் பின்னும் ஆடும் கூம்பை, சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. மிச்சத்தை விரலால் தொட்டேன். நனைந்த கரிபோல நசுங்கி, விரல்ரேகை முழுக்கக் கருப்பாய்ப் பிசுபிசுத்தது. பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். அந்த ஃபோம் காற்றின் ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதைகிற பொருள். பதினைந்து இருபது வருஷம் தாங்கினால் அதுவே நல்ல ஆயுசு. பங்குனி சித்திரையில் காய்ந்து, ஆனி ஆடிச் சாரலில் ஊறி, மறுபடி காய்கிற ஊரில் இன்னும் சீக்கிரமே போய்விடும். ரப்பர் வளையம் உள்ள வூஃபர் என்றால் இந்தக் கவலை மிகக் குறைவு; விரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்பு இல்லாமல் மெதுமெதுவென்று இருந்தால் விட்டுவிடலாம்.

இந்த இடத்தில் மூன்று வழிகள் உண்டு. ஃபோம் வளையத்தை மட்டும் மாற்றுவது, ஃபோமுக்குப் பதில் ரப்பர் வளையம் ஒட்டுவது, கோனையே மாற்றிக் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) கட்டுவது. மூன்றாவது வழியைக் கேட்க, திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்தில் ஸ்பீக்கர் கட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். கோயில் கொடைக் காலம் வந்தால் அவர் கடை வாசலில் பதினைந்து அங்குல வூஃபர்கள் தோசைக்கல்போல அடுக்கிக் கிடக்கும். சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு ராவோடு ராவாகக் காயில் கட்டிக் கொடுப்பார். கை அவ்வளவு சுத்தம். அவரே வூஃபரைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, புதுக் கோன் போட்டுருவேன், காயிலும் கட்டிருவேன். ஆனா பழைய சத்தம் வராது, பாத்துக்கிடுங்க. ஃபோம் மட்டும் வாங்கிட்டு வாங்க, ஒட்டித் தாரேன்."

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. கோனின் எடை, அதைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் ஸ்பைடரின் இறுக்கம், வளையத்தின் இளக்கம் மூன்றும் சேர்ந்துதான் வூஃபரின் இயல்பான அதிர்வெண்ணை முடிவுசெய்கின்றன. பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் அதற்கேற்பவே போடப்பட்டிருக்கும். கடையில் கிடைக்கும் பொதுவான காகிதக் கோன் சில கிராம் கனமாக இருந்தாலே அந்தப் பொருத்தம் போயிற்று. ரப்பர் வளையத்துக்கும் இதே பேச்சுதான். ரப்பர் நீண்டநாள் உழைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் ஃபோமைவிடக் கனம் கூடுதல், இளக்கமும் வேறு. அதனால் ஃபோமுக்கு ஃபோம் என்றே அத்தானிடம் சொன்னேன். இருபது வருஷம் கழித்து மறுபடி ஒட்ட வேண்டி வரும்; வரட்டும்.

வளையம் வாங்கும்போது 'ஆறரை இஞ்ச்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கோனின் வெளிவிட்டம், வூஃபரின் சட்டமான இரும்புக் கூடையின் உள்விட்டம், வளையத்தில் மேடுபோல் எழும்பும் பகுதியின் அகலம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து கொடுங்கள். பழைய வளையம் கோனின் மேல்பக்கம் ஒட்டியிருந்ததா கீழ்பக்கமா என்பதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதை அண்ணாச்சியிடம் கொடுக்காமல் நாங்களே செய்தோம். அவர் வேண்டாம் என்றில்லை, அத்தானுக்குத் தன் அப்பாவின் ஸ்பீக்கரைத் தானே செய்ய ஆசை. பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி எடுப்பதற்கே ஒரு முழுக் காலை போயிற்று. காகிதக் கோனில் ஆல்கஹாலை ஊறவிடக்கூடாது; தொட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு வளையத்தை முதலில் கோனோடு மட்டும் ஒட்டி, அது பிடித்த பிறகே கூடையோடு ஒட்டினோம். இந்த இரண்டாவது ஒட்டில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே காயில், காந்தத்தின் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடுக்கில் நடுவாக நிற்க வேண்டும். போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, பசை இறுகும் முன் கோனை மெல்ல நகர்த்திப் பார்த்தோம். சிறிது இந்தப் பக்கம் போனால் 'சர்ர்' என்று உரசும். உரசாத இடம் வந்ததும் அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் துணிக் கிளிப்பு போட்டார். உடனடியாகப் பிடிக்கும் சூப்பர் பசை இதற்கு ஆகாது. நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது, காய்ந்தபின் விறைத்தும்போகும். மெதுவாக இறுகி, காய்ந்தாலும் வளையும் பசைதான் வேண்டும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டோம்.

ஒரு எச்சரிக்கை. வூஃபரின் காந்தம் லேசுப்பட்டதில்லை. பல வருஷத்துக்கு முன் திருகாணியைக் கழற்றும்போது என் கையிலிருந்த திருப்புளி இழுபட்டுக் கோனைக் குத்திக் கிழித்துவிட்டது. அன்று வந்த 'டப்' என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து, கோனின்மேல் ஒரு அட்டையை வைத்து மூடாமல் நான் திருகாணியைத் தொடுவதில்லை. திரும்ப மாட்டும்போது திருகாணியை முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பழைய மரையில் 'க்ளிக்' என்று விழும். அதன்பிறகு முறுக்கினால் பெட்டியின் அமுக்கு மரம் (மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை) உதிராது.

அடுத்தது கண்டன்சர். பட்டியலில் முதல் வரியே அதுதான். தாழ்ந்த சுருதியை வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் இரண்டு வகை கண்டன்சர்கள் இருக்கும். உருளையாக, மேலே உறை போட்டிருப்பது எலக்ட்ரோலிட்டிக். தடித்த சாக்லேட் துண்டு போலவோ, பளபளப்பான உருளையாகவோ இருப்பது பாலிப்ரொப்பிலின் ஃபிலிம். எலக்ட்ரோலிட்டிக்கில் இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் காய்ந்து, அளவு விலகும், உள்தடையும் ஏறும். ஃபிலிம் வகை பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். அத்தானுடைய ஒரு பெட்டியில் 4.7 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது மீட்டரில் 5.6 காட்டியது, இன்னொரு பெட்டியில் அதே பாகம் 4.9. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இப்படி வித்தியாசம் வந்தால், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். அளக்கும்போது கண்டன்சரின் ஒரு காலையாவது ஈயத்திலிருந்து விடுவித்துவிட்டு அளந்து பாருங்கள். பலகையில் இருக்கும்போதே வைத்தால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து பொய்க்கணக்கு காட்டும்.

உள்தடை ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் உள்ள கண்டன்சரின் உள்தடை 2 ஓம் ஏறியிருந்தால், ட்வீட்டருக்குப் போகும் மின்னழுத்தம் பத்தில் எட்டுப் பங்காகிறது. அது சுமார் 1.9 டெசிபெல் இறக்கம். காதுக்கு நன்றாகவே தெரியும் அளவு அது. 'ஸ்பீக்கர் மந்தமாகிவிட்டது' என்று பலர் சொல்வதற்கும், அவசரப்பட்டு ட்வீட்டரை மாற்றுவதற்கும் பின்னால் பலநேரம் இந்த ஒரு பாகம்தான் இருக்கிறது.

அப்படியென்றால் எதைப் போடுவது? ட்வீட்டருக்கு நேர்வரிசையில் உள்ளதற்கு ஃபிலிம் போடுங்கள். அளவு சிறியது, விலையும் தாங்கும், மறுபடி அதைத் தொட வேண்டிய தேவையே வராது. வூஃபர் பக்கம் குறுக்கே நிற்கும் 22, 33 மைக்ரோஃபாரட் போன்ற பெரியதற்குப் புது பைபோலார் (பிளஸ், மைனஸ் துருவம் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக்கே போதும். அந்த அளவில் ஃபிலிம் கண்டன்சர் உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும், பலகையில் உட்காராது, விலையும் பலமடங்கு. எண்ணெயில் ஊறவைத்தது, வெள்ளித் தகடு வைத்தது என்று ஆயிரக்கணக்கில் விற்பவற்றை நான் இரண்டு முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். அளவு ஒன்றாக இருக்கும்போது சாதாரண பாலிப்ரொப்பிலினுக்கும் அதற்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்தை அத்தான் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளட்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வடிவமைத்தவர் அந்த எலக்ட்ரோலிட்டிக்கின் சிறு உள்தடையையும் சேர்த்தே ட்வீட்டரின் சத்தத்தை நிர்ணயித்திருக்கலாம். அங்கே உள்தடை மிகக் குறைந்த ஃபிலிமைப் போட்டால் மேல்சுருதி கொஞ்சம் தூக்கலாக வரும். முதல் நாள் கேட்க 'அடடா, எவ்வளவு தெளிவு' என்று இருக்கும். ஒரு வாரத்தில் 'ச', 'ஷ' எல்லாம் காதைக் கீறும். அப்படித் தோன்றினால் கண்டன்சரோடு வரிசையாக அரை ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்துவிடுங்கள். சில ரூபாய் வேலை.

வாங்கும்போது பைபோலார்தானா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு கடையில் நான் பைபோலார் கேட்டு, சாதாரணத் துருவக் கண்டன்சரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு பக்கம் நெடுக 'மைனஸ்' கோடு போட்டிருந்தால் அது பவர் சப்ளைக்கு உரியது, இங்கே ஆகாது. சரியான அளவு கிடைக்காவிட்டால் 3.3-ஐயும் 1.5-ஐயும் பக்கவாட்டில் இணைத்தால் 4.8 வந்துவிடும். 4.7-க்கு அது தாராளமாகப் போதும்.

காற்றுச் சுருள் அத்தானை மிகவும் இழுத்தது. இரும்பு உள்ளீடு இல்லாததால் பெரிய சத்தத்திலும் காந்தம் நிறைவடைந்து ஒலி கெடாது என்பது உண்மை. ஆனால் அதே தூண்டலை (இண்டக்டன்ஸ்) பெற நிறையக் கம்பி சுற்ற வேண்டும். கம்பி கூடினால் தடையும் கூடும், அல்லது தடித்த கம்பி போட்டுச் சுருள் தேங்காய் அளவுக்குப் பெருக்கும். வூஃபருக்கு முன்னால் தடை மாறினால் பேஸின் இறுக்கமும் மாறும். வீட்டில் பேசிக்கொண்டே கேட்கும் சத்தத்தில் இரும்புச் சுருள் தன் எல்லையை எட்டப்போவதில்லை. போட்டே தீருவேன் என்றால், பழைய சுருளின் தூண்டலும் தடையும் இரண்டும் ஒத்துப்போகிறதைத் தேடுங்கள். சுருள்களை ஒன்றுக்கொன்று தள்ளி, குறுக்காகத் திருப்பி வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதற்குள் ஏறிவிடும்.

வயருக்கு இரண்டு வரி போதும். பெட்டிக்குள் போகவர மொத்தம் ஒரு மீட்டர் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை சுமார் 0.034 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரில் அதன் பாதிப்பு ஒரு டெசிபெலில் நூற்றில் நாலு பங்கு. வெள்ளி பூசினாலும் அந்த நாலைத்தான் குறைக்க முடியும். டெர்மினல் துருப்பிடித்திருந்தாலோ ஆடினாலோ மாற்றுங்கள். தங்க முலாம் வேண்டுமென்பதில்லை.

பெட்டி பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தானின் தாளில் அது இல்லவே இல்லை. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சுருதி இருக்கும். அதைத்தான் சிற்பி வேண்டிச் செய்தார். ஸ்பீக்கர் பெட்டிக்கு மட்டும் சொந்தச் சுருதி இருக்கவே கூடாது. தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் பக்கப் பலகையின் நடுவில் விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொங்' என்று ஒரு ஸ்வரம் நின்றால், குரலில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் பலகையும் கூடவே பாடும். மந்தமாக 'டக்' என்று செத்துப்போனால் நல்லது.

அத்தானின் பெட்டி 'டொங்' என்றது. இரண்டு செண்டிமீட்டர் சதுரத்தில் தேக்கு ரீப்பர் ஒன்றை இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவே, சரி நடுவில் விழாமல் கொஞ்சம் தள்ளி, ஃபெவிகால் வைத்து இறுக்கமாகத் தட்டி உட்காரவைத்தோம். 18 செண்டிமீட்டர் நீளத்துக்கு அது அடைக்கும் இடம் 72 மில்லி. பத்து லிட்டர் பெட்டியில் ஒரு சதவீதம்கூட இல்லை, குழாயின் கணக்கு கெடாது. பின்பலகையில் கார் கதவுக்குள் ஒட்டும் பிட்டுமன் ஷீட் ஒரு துண்டு. மறுபடி தட்டியபோது அத்தானே சிரித்துவிட்டார், அவ்வளவு வித்தியாசம். செலவு மிகக் குறைவு. பலகை தடித்திருந்தால்தான் நல்லது என்றும் இல்லை. பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரில் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்தான். உள்ளே பிட்டுமன் ஒட்டி அதன் அதிர்வை அடக்கினார்கள்.

உள்ளே வைக்கும் பஞ்சு இற்றுக் கீழே சரிந்திருந்தால் தலையணைக்கு வைக்கும் ரெக்ரான் பஞ்சை வாங்கிப் பக்கச் சுவர்களில் படியும்படி வையுங்கள். இலவம்பஞ்சு நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும்; ஆனால் இழை குட்டையாகப் பறக்கும், குழாய் வழியே வெளியே வரும், காயிலுக்குள்ளும் புகும். குழாய் உள்ள பெட்டியில் பஞ்சைத் திணிக்கவும் வேண்டாம், குழாயின் உள்வாய்க்கும் வூஃபருக்கும் நடுவே வழி திறந்திருக்க வேண்டும். எல்லாம் மூடியபிறகு தாழ்ந்த சுருதியில் ஒலியை ஓடவிட்டு ஓரங்களில் ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை துடிக்கும் இடத்தில் காற்றுக் கசிகிறது. அங்கே ஃபோம் டேப் ஒட்டினால் தீர்ந்தது.

ட்வீட்டர், வூஃபரையே மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆசை, பெரிய ஆபத்தும்கூட. புது ட்வீட்டர் பழையதைவிட எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன் உணர்திறன், இயல்பு அதிர்வெண், ஓம் அளவு மூன்றும் ஒத்துவராவிட்டால் கிராஸ்ஓவரையே புதிதாகக் கணக்குப்போட வேண்டும். அதே எல்எஸ்3/5ஏ-யையே பாருங்கள். அதன் இரண்டு டிரைவர்களையும், அதாவது வூஃபரையும் ட்வீட்டரையும், செய்தது கெஃப் என்ற ஆங்கிலேய நிறுவனம். 1980-களின் பிற்பகுதியில் டிரைவர்கள் மாறியபோது, பெட்டியும் பெயரும் அப்படியே இருக்க, கிராஸ்ஓவரைத் திரும்ப வடிவமைத்தார்கள். 15 ஓமாக இருந்த ஸ்பீக்கர் 11 ஓம் ஆயிற்று. டிரைவரைச் செய்தவர்களே, டிரைவர் மாறினால் கிராஸ்ஓவரும் மாற வேண்டும் என்று நடந்துகொண்டிருக்கிறார்கள். அளக்க மைக்கும், ஆர்இடபிள்யூ மாதிரி இலவச மென்பொருளும், ஒன்றிரண்டு மாதப் பொறுமையும் இருந்தால் இறங்குங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம். ட்வீட்டர் செத்தே போயிருந்தால் அதே மாடலைத் தேடிப் போடுங்கள்; சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்தால் சிலநேரம் அகப்படும்.

புதிதாக வாங்குவது யாருக்கு? காயில் கருகி, கோனும் கிழிந்து, பெட்டியும் ஈரத்தில் ஊதிப்போனவர்களுக்கு. ஊதிய அமுக்கு மரத்தை மீட்க முடியாது. மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

எந்த வழியானாலும் இரண்டு பெட்டிகளையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். ஒன்றைச் செய்துமுடித்து, மற்றதைத் தொடாமல் வைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மோனோவில் ஓடவிட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக. இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத்தான் 'நல்லது' என்று சொல்லிவிடும். நாங்களும் கண்டன்சர் மாற்றுவதை இப்படித்தான் செய்தோம். ஃபோம் மட்டும் இரண்டிலும் முன்னதாகவே ஒட்டியாயிற்று, இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. கேட்பதற்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரப் பதிவு ஒன்று. உச்சத்தில் நீளும் அந்த ஊதல் ட்வீட்டரும் வூஃபரும் கைமாற்றும் இடத்தைத் தாண்டித் தாண்டிப் போகும், தையல் பிரிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். அதைவிட நம்பகமான சோதனை, நன்றாகத் தெரிந்த ஒருவரின் பேச்சு. தட்டட்டியில் (மொட்டைமாடியில்), சுவர் எதிரொலி இல்லாத இடத்தில், அத்தையைப் பேசச் சொல்லி போனில் பதிந்து வந்திருந்தார் அத்தான். கீழ்வீட்டுக்காரர்கள் தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் போனது பற்றிய இரண்டு நிமிஷப் பேச்சு. செய்த பெட்டியில் அது அத்தை குரல். செய்யாததில் அத்தை ஒரு கதவுக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல் இருந்தது.

அடுத்த ஞாயிறு மற்றப் பெட்டியையும் முடித்தோம். ஃபோம் வளையம் இரண்டு, பெட்டிக்கு இரண்டு கண்டன்சர், ரீப்பர், பிட்டுமன், டேப், பஞ்சு. ஒரு பெட்டியில் மட்டும் அரை ஓம் ரெசிஸ்டர் வைக்க நேர்ந்தது, மற்றதில் தேவைப்படவில்லை. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை பிளஸ்ஸில் தொட்டு, இரண்டு வூஃபரும் வெளிப்பக்கமாகவே நகர்கின்றன என்று பார்த்துவிட்டுப் போர்வையில் சுற்றினோம். அத்தானின் தாள் என் மேசையிலேயே இருக்கிறது. வயர், ட்வீட்டர், டெர்மினல் மூன்றையும் அவரே அடித்துவிட்டார். கண்டன்சருக்கு நேரே ஒரு சரிக்குறி. காற்றுச் சுருளுக்கு நேரே மட்டும் கேள்விக்குறி போட்டு, 'தை மாசம் பாப்போம்' என்று எழுதி வைத்திருக்கிறார்.